எகனாமிக்ஸ் படித்தால் பேங்க் வேலை மட்டும்தானா? பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறைக்குள் உண்மையில் என்ன ஆராய்கிறார்கள்?

1997 ஜனவரி 14. கேரளாவின் வடகரா கடற்கரை. அன்று 11 மீனவர்கள் நிறைய மத்தி மீனோடு கரை திரும்பினார்கள். ஆனால் வாங்குவதற்கு ஆள் இல்லை. வியாபாரிகள் தேவையானதை வாங்கிக்கொண்டு எப்போதோ கிளம்பிவிட்டார்கள். மத்தி சீக்கிரம் கெட்டுப்போகும் மீன். அவ்வளவு உழைப்பும் வீணாகி, மீனைக் கொட்ட வேண்டியதாயிற்று.

இதில் கொடுமை என்னவென்றால், அதே நேரத்தில் 15 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருந்த மற்ற கடற்கரைச் சந்தைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். இங்கே மீன் இருக்கிறது, அங்கே காசு இருக்கிறது. நடுவில் தகவல் மட்டும் இல்லை.

இந்தக் கணக்கை எழுதி வைத்தவர் அதிகாரியோ பத்திரிகையாளரோ இல்லை. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர்.

'பொருளாதாரம்' என்றதும் பங்குச் சந்தை, பட்ஜெட், ஜிடிபி என்றுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். பிளஸ் டூ முடித்த பிள்ளை "எகனாமிக்ஸ் எடுக்கிறேன்" என்றால், "பேங்க் வேலைக்கா?" என்பதுதான் வீட்டில் வரும் முதல் கேள்வி. ஆனால் ஒரு பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறையின் கதவைத் திறந்து உள்ளே போனால், மீன் சந்தை, அங்கன்வாடி, சிறுநீரக மாற்று, கரும்பு விவசாயியின் மனநிலை என்று நீங்கள் எதிர்பார்க்காத விஷயங்கள் எல்லாம் அங்கே இருக்கும்.

அந்தத் துறைக்குள் எத்தனை பிரிவுகள்? ஒவ்வொன்றிலும் என்ன செய்கிறார்கள்? அது நம் சம்பளத்தையும் சாப்பாட்டையும் எப்படித் தொடுகிறது? பார்க்கலாம்.

மீன் கதை எப்படி முடிந்தது?

1997-ல் கோழிக்கோடு பகுதிக்கு செல்போன் சேவை வந்தது. 1998-ல் கண்ணூர் பகுதிக்கும் 2000-ல் காசர்கோடு பகுதிக்கும் வந்தது. கடலோரக் கோபுரங்களின் சிக்னல் கடலுக்குள்ளும் கொஞ்ச தூரம் எட்டியது. மீனவர்கள் கடலில் இருந்தபடியே "எந்தக் கரையில் என்ன விலை?" என்று கேட்டுவிட்டு அங்கே படகைத் திருப்பினார்கள்.

15 கடற்கரைச் சந்தைகளில் வாரந்தோறும் விவரம் சேகரித்திருந்த ஜென்சன், தன் ஆய்வை 2007-ல் வெளியிட்டார். முன்பு தினமும் பிடிபட்ட மீனில் 5 முதல் 8 சதவீதம் வரை வீணாகிக்கொண்டிருந்தது. செல்போன் வந்த பிறகு அது ஏறக்குறைய இல்லாமலே போனது. மீனவர்களின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்குபவர்களுக்கு விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது.

விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். இது எப்படி? வீணாகிப் போனது மிச்சமானதால் வந்த லாபம் அது.

இங்கே கவனிக்க வேண்டியது ஆய்வு முறை. செல்போன் மூன்று பகுதிகளுக்கும் வெவ்வேறு ஆண்டுகளில் வந்தது. அதனால் போன் வந்த பகுதியையும் இன்னும் வராத பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது. "மழை நன்றாகப் பெய்ததால் விலை மாறியிருக்கலாம்", "டீசல் விலையால் இருக்கலாம்" போன்ற சந்தேகங்களை இந்த ஒப்பீடு பெருமளவு நீக்கிவிடும். இதை 'இயற்கைப் பரிசோதனை' என்கிறார்கள். இன்றைய பொருளாதார ஆய்வின் அடித்தளமே இந்த மாதிரி ஒப்பீடுகள்தான்.

துறைக்குள் என்னென்ன பிரிவுகள்?

பெரும்பாலான பொருளாதாரத் துறைகளில் மூன்று தூண்கள் உண்டு.

- நுண்ணியல் பொருளாதாரம் (மைக்ரோ): ஒரு குடும்பம், ஒரு கடை, ஒரு கம்பெனி எப்படி முடிவெடுக்கிறது?
- பேரியல் பொருளாதாரம் (மேக்ரோ): ஒரு நாட்டின் விலைவாசி, வேலையின்மை, வளர்ச்சி எப்படி நகர்கிறது?
- பொருளாதார அளவியல் (எகனாமெட்ரிக்ஸ்): மேலே சொன்னவற்றைத் தரவுகளை வைத்து எப்படிச் சோதிப்பது?

இந்த மூன்றின் மேல்தான் மற்ற பிரிவுகள் எல்லாம் நிற்கின்றன. தொழிலாளர் பொருளாதாரம், வளர்ச்சிப் பொருளாதாரம், வேளாண்மை, சுற்றுச்சூழல், சுகாதாரம், கல்வி, பன்னாட்டு வணிகம், பொது நிதி, பொருளாதார வரலாறு, நடத்தைப் பொருளாதாரம், சந்தை வடிவமைப்பு எனப் பட்டியல் நீளும். ஒரே துறையில் எல்லாப் பிரிவுகளுக்கும் ஆள் இருப்பது அரிது. எந்தப் பிரிவில் யார் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு துறைக்கு அடையாளமே உருவாகிறது.

லீவில் ஊருக்குப் போன மாணவர்கள் தொடங்கிய ஆய்வு

தமிழ்நாட்டில் இந்தக் கதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1915-ன் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்காக நடத்தப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் அவர்.

வந்தவர், பாடப் புத்தகத்தோடு நிற்கவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களின் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து அனுப்பினார். ஊரில் யாரிடம் எவ்வளவு நிலம்? கூலி எவ்வளவு? கடன் எவ்வளவு? என்ன சாப்பிடுகிறார்கள்? இப்படித் திரட்டப்பட்ட விவரங்கள் 1918-ல் புத்தகமாக வந்தன. இருவேல்பட்டு, கங்கைகொண்டான், வடமலைப்புரம், பாலக்குறிச்சி, தூசி ஆகிய ஊர்கள் பொருளாதார ஆய்வு வரலாற்றில் இடம்பிடித்தது இப்படித்தான்.

சுவாரசியம் இதற்குப் பிறகுதான். 1930-களின் பிற்பகுதியில் பி.ஜே.தாமஸ், கே.சி.ராமகிருஷ்ணன் ஆகியோர் தலைமையில் சென்னைப் பல்கலைக்கழகமே அதே ஊர்களுக்கு மறுபடி போனது. அதன் பிறகும் வேறு வேறு தலைமுறை ஆய்வாளர்கள் போனார்கள். விழுப்புரம் பகுதியில் உள்ள இருவேல்பட்டு பற்றி 1916 முதல் 2008 வரையிலான மாற்றங்களைத் தொகுத்து ஜான் ஹாரிஸ், ஜெ.ஜெயரஞ்சன், கே.நாகராஜ் ஆகியோர் 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

ஒரு பெரிய நிலவுடைமைக் குடும்பத்தின் பிடியில் இருந்த ஊர் அது. நூறு ஆண்டுகளில் அந்தப் பிடி தளர்ந்தது. நிலமில்லாத தலித் குடும்பங்கள் பிழைப்புக்கு ஒரே வீட்டு வாசலில் நிற்க வேண்டிய நிலை மாறியது. விவசாயத்துக்கு வெளியே கிடைத்த வேலைகளுக்கும் அரசின் நலத்திட்டங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

ஒரே ஊரை இத்தனை முறை, இத்தனை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் உலகிலேயே குறைவு. பொருளாதார வரலாறும் வேளாண் பொருளாதாரமும் சந்திக்கும் இடம் இது.

சம்பளத்தை உயர்த்தினால் வேலை போகுமா?

தொழிலாளர் பொருளாதாரத்தின் மிகப் பழைய சண்டை இது. குறைந்தபட்சக் கூலியை அரசு உயர்த்தினால், முதலாளி ஆட்களைக் குறைப்பார் என்றுதான் பாடப் புத்தகங்கள் நீண்ட காலம் சொல்லிவந்தன. கேட்கும்போது நியாயமாகத்தான் தெரியும்.

1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணம் ஒரு மணி நேரக் குறைந்தபட்சக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாகாணமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் எல்லையின் இரு பக்கமும் இருந்த 410 துரித உணவகங்களில் கூலி உயர்வுக்கு முன்பும் பின்பும் விவரம் கேட்டார்கள்.

நியூ ஜெர்சியில் வேலைகள் குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இந்த முடிவு துறைக்குள் பெரும் புயலைக் கிளப்பியது. எதிர்த்தவர்கள் வேறு தரவுகளோடு வந்தார்கள், இவர்கள் பதில் சொன்னார்கள். விவாதம் இன்றும் முழுதாக முடியவில்லை. ஆனால் "கூலி உயர்ந்தால் வேலை போகும்" என்று கண்ணை மூடிக்கொண்டு இனி யாரும் சொல்ல முடியாது என்ற நிலை உருவானது. கார்ட் 2021-ல் நோபல் பரிசு பெற்றார். க்ரூகர் 2019-லேயே காலமாகிவிட்டார்.

இதே பிரிவில் இன்னொரு பெரிய பெயர் கிளாடியா கோல்டின். அமெரிக்காவின் 200 ஆண்டுத் தரவுகளைத் தோண்டி, பெண்கள் வேலைக்குப் போவது எப்போது குறைந்தது, எப்போது கூடியது, ஏன் என்று ஆராய்ந்தவர். விவசாயச் சமூகத்திலிருந்து தொழிற்சாலைச் சமூகத்துக்கு மாறியபோது திருமணமான பெண்கள் வேலைக்குப் போவது முதலில் குறைந்தது. சேவைத் துறை வளர்ந்த பிறகுதான் மறுபடி கூடியது. பெண்களுக்கு ஊதிய இடைவெளி இன்று பெரும்பாலும் முதல் குழந்தை பிறந்த பிறகே விரிகிறது என்பதையும் அவர் காட்டினார். 2023-ல் பொருளாதார நோபலை வேறு யாருடனும் பகிராமல் பெற்ற முதல் பெண் அவர்தான்.

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்கு ரொம்ப நெருக்கமானது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் திருமணத்துக்குப் பிறகும் வேலையில் நீடிக்கிறார்கள், ஏன் நிற்கிறார்கள் என்பதெல்லாம் தொழிலாளர் பொருளாதாரத்தின் கேள்விகள்.

அங்கன்வாடியில் ஒரு ஆள் கூடினால் என்ன ஆகும்?

வளர்ச்சிப் பொருளாதாரத்தின் கேள்வி எளிமையானது. ஏழ்மை ஏன் இருக்கிறது? எதைச் செய்தால் குறையும்?

இதற்குப் புது மருந்தைச் சோதிப்பது போன்ற ஒரு முறையைப் பிரபலமாக்கியவர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் க்ரீமர். மூவரும் 2019-ல் நோபல் பெற்றார்கள். குலுக்கல் முறையில் சில ஊர்களுக்குத் திட்டத்தைக் கொடுப்பது, சில ஊர்களுக்கு உடனே கொடுக்காமல் இருப்பது, பிறகு இரண்டையும் ஒப்பிடுவது. 2003-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பொருளாதாரத் துறையில் இதற்காகவே ஜே-பால் என்ற மையம் தொடங்கப்பட்டது. 2014-ல் தமிழ்நாடு அரசு அந்த அமைப்போடு கைகோத்தது.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் நடந்த ஒரு சோதனையைப் பாருங்கள். ஓர் அங்கன்வாடிப் பணியாளர் சத்துணவையும் பார்க்க வேண்டும், பதிவேடும் எழுத வேண்டும், பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லித்தர வேண்டும். ஒரே ஆள் எத்தனை வேலையைச் செய்வார்? 640 மையங்களைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் ஒரு பகுதிக்கு மட்டும் பாடம் சொல்லித்தர அரை நாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக நியமித்தார்கள்.

விளைவு? பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கும் நேரம் இரட்டிப்பானது. கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தெரிந்தது. அதோடு நிற்கவில்லை. பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலையைக் கவனிக்க நேரம் கிடைத்ததால், கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது.

இன்னொன்று, 'இல்லம் தேடிக் கல்வி'. கொரோனா காலத்தில் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடியிருந்தபோது பிள்ளைகள் எவ்வளவு இழந்தார்கள்? 2019-லேயே தேர்வு வைத்துப் பார்க்கப்பட்ட தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு ஆய்வாளர்கள் மறுபடி போனார்கள். சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். இழப்பு மிகப் பெரியது. ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்களின் மாலை வகுப்புகளால் வந்தது என்று அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு கணித்தது.

இந்தக் குலுக்கல் முறைக்கு எதிர்ப்பும் உண்டு. ஓர் ஊரில் பலித்தது இன்னொரு ஊரில் பலிக்கும் என்று எப்படிச் சொல்வது என்று 2015-ல் நோபல் பெற்ற ஆங்கஸ் டீட்டன் தொடர்ந்து கேட்டுவருகிறார். நல்லது என்று தெரிந்த ஒன்றை ஒரு பகுதி மக்களுக்குக் கொடுக்காமல் வைத்திருப்பது சரியா என்ற அறக் கேள்வியும் இருக்கிறது.

பஞ்சம் வந்தது உணவு இல்லாததாலா?

பரிசோதனை இல்லாமலும் உலகை மாற்றிய ஆய்வு உண்டு. 1943 வங்கப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அப்போது 9 வயதுச் சிறுவனாக அதைக் கண்ணால் பார்த்தவர் அமர்த்தியா சென். பின்னாளில் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் உள்ளிட்ட இடங்களில் பேராசிரியராக இருந்த அவர், அந்தக் காலத்துக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்.

பஞ்சம் இல்லாத 1941-ஐவிட 1943-ல் வங்கத்தில் உணவு குறைவாக இல்லை என்று 1981-ல் வெளியான புத்தகத்தில் அவர் வாதிட்டார். போர்க்காலத்தில் அரிசி விலை ஏறியது. கூலிக்காரர், மீனவர், முடி திருத்துபவர் ஆகியோரின் வருமானம் ஏறவில்லை. சந்தையில் அரிசி இருந்தும், வாங்கும் சக்தி இல்லாதவர்கள் இறந்தார்கள்.

சென்னின் கணக்கை மறுத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு பஞ்சம் பற்றிய கேள்வியே மாறிப்போனது. 'எவ்வளவு நெல் விளைந்தது?' என்பதோடு, 'யார் கையில் வாங்கக் காசு இருக்கிறது?' என்றும் அரசுகள் கேட்கத் தொடங்கின. ரேஷன் கடை, ஊரக வேலைத் திட்டம் பற்றிய இன்றைய வாதங்களில் இந்தக் கேள்வி இருக்கிறது.

அறுவடைக்கு முன் ஒரு மூளை, பின் ஒரு மூளையா?

மனிதர்கள் எப்போதும் கணக்குப் போட்டு முடிவெடுப்பதில்லை. உளவியலும் பொருளாதாரமும் கைகோக்கும் இடம் நடத்தைப் பொருளாதாரம்.

இதில் உலகப் புகழ் பெற்ற ஆய்வு ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாஃபிர், ஜியாயிங் சாவ் ஆகியோர் 464 கரும்பு விவசாயிகளிடம் புதிர்ச் சோதனைகள் வைத்தார்கள். கரும்பு விவசாயிக்கு ஆண்டுக்கு ஒரு முறை, அறுவடைக்குப் பிறகுதான் மொத்தப் பணம் வரும். அதற்கு முன்பு கையில் காசு வறண்டு, நகை அடகுக்குப் போயிருக்கும்.

ஒரே விவசாயியை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். முன்பு செய்ததைவிடப் பின்பு நன்றாகச் செய்தார்கள். அதே ஆள், அதே படிப்பு. மாறியது பணக் கவலை மட்டும். 2013-ல் வெளியான இந்த ஆய்வின் சாரம் இதுதான்: "இவங்களுக்குப் புத்தி இல்ல, அதான் ஏழையா இருக்காங்க" என்று சொல்வது தவறு. கவலையே மூளையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது.

கல்விக் கட்டணம் கட்டும் கடைசித் தேதியையும் நலத்திட்ட விண்ணப்பங்களையும் அறுவடைக்கு முன் வைப்பதா, பின் வைப்பதா என்று ஓர் அதிகாரி யோசிக்க வேண்டும் என்றால், அதற்குக் காரணம் இந்த மாதிரி ஆய்வுகள்.

காசே இல்லாத சந்தை

சிறுநீரகத்தை விலைக்கு விற்க முடியாது, சட்டம் அனுமதிக்காது. அப்போ மனைவிக்குத் தர கணவர் தயாராக இருந்தும் ரத்த வகை பொருந்தாவிட்டால்?

இங்கே வருகிறது சந்தை வடிவமைப்பு. இன்னொரு தம்பதிக்கும் இதே பிரச்னை என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கணவரின் சிறுநீரகம் அந்த மனைவிக்குப் பொருந்துகிறது, அந்தக் கணவருடையது இந்த மனைவிக்குப் பொருந்துகிறது. மாற்றிக்கொண்டால் இருவருமே பிழைப்பார்கள். இப்படிப் பல ஜோடிகளைப் பொருத்தும் கணித முறைகளை உருவாக்கியதில் முக்கியமானவர் ஆல்வின் ராத். 2012-ல் லாயிட் ஷாப்லியுடன் நோபல் பெற்றார். இந்தியாவில் 2011-ல் உறுப்பு மாற்றுச் சட்டம் திருத்தப்பட்டபோது இத்தகைய பரிமாற்றத்துக்கு வழி பிறந்தது.

இதே கணிதம் மாணவர்களின் வாழ்க்கையிலும் இருக்கிறது. 1962-ல் டேவிட் கேல், ஷாப்லி எழுதிய ஒரு கட்டுரையில் இருந்து கிளைத்த முறைதான் 2015 முதல் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. கூட்டு இட ஒதுக்கீட்டில் பயன்படுகிறது. "எந்தக் காலேஜை முதல் சாய்ஸா போடணும்?" என்று குழம்பாமல், மனதில் உள்ள விருப்ப வரிசையை அப்படியே போடுவதுதான் நல்லது என்னும்படி இது வடிவமைக்கப்பட்டது.

உங்கள் இஎம்ஐ-யும் பேராசிரியர்களும்

பேரியல் பொருளாதாரம் பேசும் விஷயம் தினமும் செய்தியில் வருகிறது: பணவீக்கம், வட்டி விகிதம். 2016-ல் இந்திய ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, வட்டியை முடிவு செய்ய ஆறு பேர் கொண்ட பணக் கொள்கைக் குழு அமைக்கப்பட்டது. இலக்கு, பணவீக்கம் 4 சதவீதம். அதிலிருந்து 2 சதவீதம் மேலே கீழே போகலாம்.

ஆறு பேரில் மூவர் ரிசர்வ் வங்கியைச் சேராதவர்கள். முதல் குழுவில் அந்த மூவருமே கல்விப்புலத்தைச் சேர்ந்தவர்கள்: டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் பாமி துவா, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சேத்தன் காட்டே, அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் ரவீந்திர தோலக்கியா. வகுப்பில் மேக்ரோ ஆராய்ந்தவர்கள் போட்ட வாக்கு, வீட்டுக் கடன் தவணை வரை வந்து சேர்ந்தது.

புகைக்கு விலை வைத்தால்?

சுற்றுச்சூழல் பொருளாதாரத்துக்கு நல்ல உதாரணம் சூரத். அங்கே 2019-ல் 300-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. மொத்தப் புகைத் துகளுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அதற்குள் தொழிற்சாலைகள் தங்கள் அனுமதியைத் தங்களுக்குள் வாங்கி விற்கலாம் என்றார்கள். குறைவாகப் புகை விட்டவர் மிச்ச அனுமதியை விற்றுச் சம்பாதிக்கலாம். இந்தச் சந்தையில் சேர்ந்த ஆலைகளின் துகள் மாசு, பழைய விதிகளின் கீழ் இருந்த ஆலைகளைவிட 20 முதல் 30 சதவீதம் வரை குறைந்தது.

ஆனால் எல்லாவற்றுக்கும் சந்தைதான் தீர்வா? 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண்ணான எலினோர் ஆஸ்ட்ரோம் வேறு பாதையைக் காட்டினார். ஏரி, காடு, மேய்ச்சல் நிலம் போன்ற பொதுச் சொத்துகளை அரசும் இல்லாமல் தனியாரும் இல்லாமல், ஊர் மக்களே விதி வகுத்துத் தலைமுறைகளாகக் காத்திருக்கிறார்கள் என்று பல நாட்டு உதாரணங்களோடு நிறுவினார். நம் ஊர் குடிமராமத்தும் நீர்க்கட்டியும் அந்த வகைதான்.

ஆய்வு தப்பாகப் போனால்?

போகும். அதன் விலையும் பெரிது.

2010-ல் கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு நாட்டின் அரசுக் கடன் ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி விழுந்துவிடும் என்பது அதன் செய்தியாகப் பரவியது. அந்தப் பிரிவு நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று அதில் இருந்தது. ஐரோப்பாவில் அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் இதை மேற்கோள் காட்டினார்கள். செலவு வெட்டு என்றால் ஓய்வூதியம், மருத்துவமனை, ஆசிரியர் வேலை எல்லாவற்றிலும் கை வைப்பது.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆய்வு மாணவர் படித்துக்கொண்டிருந்தார். வகுப்பில் கொடுத்த பயிற்சி: வெளியான ஒரு கட்டுரையை எடுத்து, அதே கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்கள். அவர் இந்தக் கட்டுரையை எடுத்தார். விடை வரவே இல்லை.

கடைசியில் ஆசிரியர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கினார். சராசரி போடும் கட்டத்தில் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. ஆங்கில அகர வரிசையில் முதலில் வரும் நாடுகள். வேறு சில தரவுகளும் சேர்க்கப்படவில்லை, சராசரி போட்ட விதத்திலும் கேள்வி இருந்தது. எல்லாவற்றையும் சரிசெய்தபோது மைனஸ் 0.1 என்பது பிளஸ் 2.2 சதவீதமானது. 2013-ல் தன் பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் பொல்லின் ஆகியோருடன் இதை ஹெர்ன்டன் வெளியிட்டார்.

எக்செல் பிழையை ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் ஒப்புக்கொண்டார்கள். கடன் கூடினால் வளர்ச்சி மெதுவாகும் என்ற தங்கள் கருத்தில் உறுதியாக நின்றார்கள். ஆனால் '90 சதவீதம்' என்ற அந்தக் கோடு பழைய மரியாதையைத் திரும்பப் பெறவில்லை.

இன்று பல பொருளாதார ஆய்விதழ்கள் தரவையும் கணினி நிரலையும் சேர்த்தே வெளியிடச் சொல்கின்றன. ஹெர்ன்டனைப் போல இன்னொரு மாணவர் சரிபார்க்க முடிய வேண்டும் என்பதுதான் காரணம்.

தரவு இல்லாவிட்டால் எதுவும் இல்லை

மேலே சொன்ன ஒவ்வோர் ஆய்வும் யாரோ கதவைத் தட்டிக் கேட்டு எழுதிய விவரத்தில் நிற்கிறது. இந்தியாவில் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்தது 2011-ல். 2021-ல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போனது. 2017-18 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை, தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி 2019-ல் மத்திய அரசு வெளியிடாமல் விட்டது. அடுத்த கணக்கெடுப்பு 2022-23-ல்தான் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஏழ்மை கூடியதா குறைந்ததா என்று ஆய்வாளர்கள் மாற்று வழிகளில் மதிப்பிட வேண்டியதாயிற்று. ஒருவர் மதிப்பீடு இன்னொருவருக்கு ஒத்துப்போகவில்லை.

படிக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

முதல் விஷயம், கணக்கு. முதுநிலைப் பொருளாதாரத்தில் கால்குலஸும் புள்ளியியலும் அன்றாடச் சமாச்சாரம். பிளஸ் டூவில் கணிதத்தை விட்டவர்கள் இளநிலையிலேயே அதைச் சேர்த்துப் பிடிப்பது நல்லது. இப்போது கணினி நிரலும் கூடவே வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, கல்லூரிப் பெயரோடு துறையின் பெயர்ப் பட்டியலையும் பாருங்கள். எந்தப் பேராசிரியர் எந்தப் பிரிவில் ஆய்வு செய்கிறார் என்று துறையின் இணையப் பக்கத்தில் இருக்கும். வேளாண் பொருளாதாரத்தில் ஆர்வம் உள்ள மாணவர், அந்தப் பிரிவில் ஆளே இல்லாத துறையில் சேர்ந்தால் ஆய்வுப் பட்டம் வரும்போது திண்டாட வேண்டியிருக்கும். சென்னையிலேயே பல்கலைக்கழகத் துறையைத் தவிர, 1971-ல் மால்கம் ஆதிசேஷய்யா தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், 1993-ல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆகியவை இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆய்வுப் போக்கு வேறு வேறு.

மூன்றாவது, வேலை. வங்கி ஒரு வழிதான். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு, ரிசர்வ் வங்கியின் ஆராய்ச்சிப் பிரிவு, மாநிலத் திட்டக் குழு, ஆய்வு நிறுவனங்கள், தரவு பகுப்பாய்வு நிறுவனங்கள், கல்லூரி ஆசிரியர் பணி என வழிகள் உண்டு.

ஒன்று நினைவில் இருக்கட்டும். 1916-ல் ஸ்லேட்டரின் கேள்வித்தாளோடு ஊருக்குப் போனவர்கள் பெரிய நிபுணர்கள் இல்லை, கல்லூரி மாணவர்கள். 90 சதவீதக் கோட்டை அழித்தவரும் ஒரு மாணவர்தான். அடுத்த முறை வீட்டில் "எகனாமிக்ஸா? பேங்க் வேலைக்கா?" என்று யாராவது கேட்டால், அந்த வடகரா கடற்கரை மத்தி மீன் கதையைச் சொல்லிப் பாருங்கள்.